பக்கத்து வீட்டு ஏணி

குமரா,

நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்டு இதைத் தொடங்கப்போவதில்லை. நேற்றுத்தான் போனில் உன் முகத்தைப் பார்த்தேன். கன்னம் இரண்டும் பன் மாதிரி உப்பியிருக்கிறது. என் சுகத்தையும் நீ கேட்க வேண்டியதில்லை. கால் ஓர் இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான். காலையிலிருந்து மேசைக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்பது மறந்துபோகிறது. சனிக்கிழமை நீ வேன் எடுத்துக்கொண்டு வந்து என்னை ரவாங்கில் உன் வீட்டுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறாய். அதற்குள் இதை எழுதி அனுப்பிவிட வேண்டும். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் நீ "சரிப்பா, சரிப்பா" என்பாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பும், அதற்குமேல் டவுனில் கொஞ்சமும் படித்தவன் எழுதுவது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள். மருமகள் மேகலாவும் படிக்கட்டும். உன்னைப்போல் புதுவீடு வாங்கிப் போன பிள்ளைகள் யாருக்குக் காட்டினாலும் எனக்கு வெட்கமில்லை.

"அப்பா, அந்த பிஸ்கட் டின்ல இருக்கிற சாவியெல்லாம் அவங்கவங்களுக்குத் திருப்பிக் குடுத்துட்டு ரெடியா இருங்க" என்று போன ஞாயிற்றுக்கிழமை சொன்னாய். ஒரு மத்தியானத்தில் முடிகிற வேலை என்று நீ நினைத்தாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்த முப்பது வருடத்தில் நான் நினைத்தது எது நடந்திருக்கிறது?

அந்த டின் நம் வீட்டுக்கு வந்த கதை உனக்குச் சரியாகத் தெரியாது. கோலா கங்சார் பக்கம் நம் தோட்டத்து லயத்து வீடுகளில் கதவுக்குக் கொக்கி மட்டும்தான். அதுவும் காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருப்பதற்கு. தோட்டம் கைமாறி, ரப்பர் மரங்களையெல்லாம் சாய்த்து, நம்மை ஈப்போவில் இந்த மலிவு விலை அடுக்குமாடிக்கு அனுப்பியபோது வீட்டுக்கு இரண்டு சாவி கொடுத்தார்கள். இழுத்துச் சாத்தினால் தானாகவே பூட்டிக்கொள்ளும் கதவு. கதவு தன்னால் பூட்டிக்கொள்ளும் என்பது பால்மரம் வெட்டிய எங்கள் மண்டையில் ஏறவே இல்லை. வந்த முதல் வாரம் முழுக்க மூன்றாம் மாடியில் யாராவது ஒருவர் தன் வீட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பார். உள்ளே குழம்பு கொதிக்கும். வெளியே எதிர்வீட்டு லெட்சுமி கரண்டியைப் பிடித்துக்கொண்டு கதவோடு பேசிக்கொண்டிருப்பாள்.

முதலில் மாட்டிக்கொண்டது உன் அப்பன். குளித்துவிட்டு, இடுப்பில் துண்டோடு, கைலியைக் காயப்போட வெளியே வந்தேன். காற்று வந்தது. கதவு டொக் என்றது. உன் அம்மா உன்னையும் கூட்டிக்கொண்டு பசாருக்குப் போயிருந்தாள். போகிறவர் வருகிறவருக்கெல்லாம் காற்று வாங்குகிறேன் என்று சொல்லிக்கொண்டு அந்த நடைபாதையில் நின்றேன். கடைசி வீட்டு அந்தோணி மேலும் கீழும் பார்த்தான். "மச்சான், நேத்துதான் பால் காய்ச்சி குடிபோனீங்க. இன்னிக்கே வெளிய தள்ளிட்டாங்களா?" என்றான். அன்று சாயந்திரமே உன் அம்மா நம்முடைய இன்னொரு சாவியை லெட்சுமியிடம் கொடுத்தாள். லெட்சுமி தன்னுடையதை நம்மிடம் கொடுத்தாள். பிறகு அந்தோணி. பிறகு மாடி முழுக்க. எல்லாம் அந்த பிஸ்கட் டின்னில் சேர்ந்தது. நம் வீடு படிக்குப் பக்கத்தில் இருந்ததும், உன் அம்மா அப்போது எப்போதும் வீட்டில் இருந்ததும்தான் காரணம். மற்றபடி எனக்கு அந்த மரியாதை கிடைக்க நான் ஒன்றும் தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணியோ வேலை வாங்கிய தண்டலோ இல்லை.

யாரும் பேசிவைக்காமலேயே அதில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. கொடுத்த சாவியைத் திரும்பக் கேட்பதில்லை. கேட்டால் சண்டை என்று அர்த்தம். ஒரு தடவை அந்தோணி, நாற்காலி விஷயத்தில் என்னோடு முறைத்துக்கொண்டு, "குடு என் சாவிய" என்று வாங்கிப் போனான். மறுநாளே கதவு அவனை வெளியே தள்ளிப் பூட்டிக்கொண்டது. சாவி உள்ளே இருந்தது. அன்றைக்கு நான் காற்று வாங்க வந்தேன்.

இதைப் படித்துவிட்டு, அடடா என்ன ஒற்றுமை என்று நினைத்துவிடாதே. ஏழை ஜனங்களின் ஒற்றுமையைப் பற்றி மேடையில் பேசுகிறவர்களை இந்த மாடியில் ஒரு வாரம் குடிவைக்க வேண்டும். வாசலில் விட்ட சப்பாத்து இருக்காது. தண்ணீர் மேலே ஏறாத நாளில் ஒருவர் வாளியை இன்னொருவர் உதைப்பார். எனக்கு வயிற்றுப்போக்கு என்றால் எனக்குத் தெரிவதற்கு முன்பே கீழ்மாடிக்குத் தெரிந்துவிடும். லெட்சுமி என் கதவைத் திறந்து என் சட்டியை எடுத்துப்போய் என் கண்முன்னாலேயே அதில் வறுவல் வைப்பாள். ஆனால் உன் அம்மா குளியலறையில் விழுந்த அன்று நான் ஜெலாப்பாங்கில் வேலையில் இருந்தேன், நீ காலேஜில் இருந்தாய். விழுந்த சத்தம் கேட்டு அதே சாவியால்தான் லெட்சுமி உள்ளே வந்தாள். லிப்ட் வேலை செய்யவில்லை. அந்தோணிதான், நாங்கள் எதற்காகச் சண்டை போட்டோமோ அதே நாற்காலியில் அவளை உட்காரவைத்து, ஆட்களோடு கீழே தூக்கிப்போனான். அதற்குப் பிறகும் அவள் நம்மோடு சில வருடம் இருந்தாள். அந்தச் சில வருடத்தை நமக்கு யார் கொடுத்தது என்று யோசித்துப் பார்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். டின்னைத் தூக்கிக்கொண்டு முதலில் லெட்சுமியிடம் போனேன்.

"இந்தா, உன் சாவி. சனிக்கிழமை பையன்கிட்ட போறேன்."

கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "என்னாண்ணே கோவம்? அன்னிக்கு சட்டிய எடுத்தேனே, அதுக்கா?"

"கோவமெல்லாம் இல்ல. நான் இங்க இருக்கமாட்டேன்லா. உன் சாவிய வச்சுக்கிட்டு அங்க என்னா பண்றது?"

"அப்ப திரும்பி வரவே மாட்டீங்க?"

"வருவேன்."

"வர்றவங்க எதுக்கு சாவிய குடுக்கிறாங்க? வச்சுக்கோங்க. ரவாங்குலயே வச்சுக்கோங்க."

"அங்கிருந்து உன் கதவ எப்படித் தொறக்கிறது?"

"அது உங்க பாடு" என்று கதவைச் சாத்தினாள். அது டொக் என்று பூட்டிக்கொண்டது. நல்லவேளை, அவள் உள்ளே இருந்தாள்.

அடுத்த வீட்டில் வீட்டுக்காரர் தூங்குகிறார் என்றார்கள். வீட்டுக்காரர்தான் அதைச் சொன்னார். சாயந்திரத்துக்குள் வேறு ஒரு செய்தி மாடியைச் சுற்றிவிட்டது. அந்தோணி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, என்றைக்கும் இல்லாத மெல்லிய குரலில் கேட்டான்.

"மச்சான், டாக்டர் என்னா சொன்னாரு?"

"எந்த டாக்டர்?"

"மறைக்காத. மனுசன் எல்லார் சாவியையும் ஒரே நாள்ல திருப்பிக் குடுக்கிறான்னா அது எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"டேய், நான் ரவாங்குக்குப் போறேன்டா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்று என் தலையில் கையை வைத்து ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டான். அந்த நேரம் பார்த்து லெட்சுமி கோயில் திருநீற்றைக் கொண்டுவந்து நெற்றியில் பூசினாள். ஒரே சமயத்தில் இரண்டு பக்கத்திலும் எனக்காக வேண்டிக்கொள்ளும்போது ஆமென் சொல்வதா அரோகரா சொல்வதா என்று தெரியாமல் கொட்டாவி விட்டேன். அதையும் நோயில் சேர்த்துக்கொண்டார்கள். இந்த வாரம் முழுக்க எனக்குச் சமையல் வேலையில்லை. மீன் குழம்பு, சம்பல், சொஜ்ஜி என்று வந்துகொண்டே இருக்கிறது. சாகப்போகிறவனுக்கு இவ்வளவு ருசியாகச் சமைக்கிறவர்கள் உயிரோடு இருக்கிறவனுக்கும் சமைத்தால் என்ன என்று கேட்டேன். லெட்சுமி சட்டியைக் காட்டி மிரட்டினாள்.

இப்போது உனக்கு விஜயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். டின்னில் சாவி இல்லாத வீடு அது ஒன்றுதான்.

உனக்குத் தெரிந்த விஜயா அத்தை, நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சோறு போட்டவள். உன்னோடு உட்கார்ந்து சாப்பிட்ட தேவியின் அம்மா. உனக்குத் தெரியாதது அதற்கு முந்திய கதை. அவள் புருஷன் ஜோகூருக்கு லாரி ஓட்டப் போனான். முதலில் வாரா வாரம் வந்தான், பிறகு எப்போதாவது வந்தான், பிறகு வரவில்லை. விஜயா வீட்டிலிருந்தே துணி தைத்தாள். தைக்கத் துணி எப்போதும் வருவதில்லை. ஒரு நாள் காலையில் நம் வாசலில் வந்து நின்று, "அக்கா, என் சாவியக் குடுங்க" என்றாள். முகத்தில் கோபமில்லை. வாங்கிக்கொண்டு போய்விட்டாள். உன் அம்மா என்னைத்தான் திரும்பிப் பார்த்தாள். "நீங்க அந்தப் பொண்ண ஏதாச்சும் கேலி பேசினீங்களா?" நான் தோட்டத்தில் இருந்த நாளிலிருந்து பேசிய கேலியையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். அவளைப் பற்றி எதுவும் அகப்படவில்லை.

அதற்குப் பிறகு அவள் யார் வீட்டு விசேஷத்துக்கும் வருவதில்லை. யாராவது ஒரு கிண்ணம் பாயசம் கொண்டுபோனால் கதவை ஒரு சாண் திறந்து, "இப்பத்தான் சாப்பிட்டோம்" என்பாள். திமிர் பிடித்தவள் என்று மாடியில் பேசினார்கள். நானும்கூட ஒத்து ஊதினேன். அப்படி இருக்கையில் ஒரு மத்தியானம் உன் அம்மா கொடியில் துணி போட்டுக்கொண்டே மூக்கை உயர்த்தினாள்.

"விஜயா வீட்ல தாளிக்கிற வாசம் வருது. கடுகு, கருவேப்பிலை, வெங்காயம். அப்புறம் ஒன்னும் வரல. நேத்தும் இப்படித்தான்."

"தாளிச்சா குழம்பு வைப்பாங்க" என்றேன், பெரிய அறிவாளி மாதிரி.

"அதத்தான் சொல்றேன். குழம்பு வாசம் வரலயே."

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. அவள் வெறும் தாளிப்பை மட்டும் போட்டுக்கொண்டிருந்தாள், குமரா. நடைபாதையில் போகிறவர்கள் மூக்குக்காக. அதற்காகத்தான் சாவியையும் வாங்கிக்கொண்டாள். யாராவது ஓர் அவசரத்துக்குக் கதவைத் திறந்துவிட்டால் அரிசி டின் காலியாகக் கிடப்பது தெரிந்துவிடுமே. ஒன்றுமில்லாத வீட்டைத்தான் அவள் பூட்டி வைத்தாள்.

நானாக இருந்தால் அரை மூட்டை அரிசியைத் தூக்கிக்கொண்டு போய் அவள் வாசலில் வைத்திருப்பேன். நாலு பேர் பார்க்கும்படி தொண்டையையும் கனைத்திருப்பேன். கிளம்பியும் விட்டேன். உன் அம்மா சட்டையைப் பிடித்து இழுத்தாள். "குடுத்தா வாங்கிக்குவா. புள்ள இருக்கே. ஆனா அப்புறம் நம்ம மூஞ்சியப் பாக்க மாட்டா." பிறகு தலையை வாரிக்கொண்டு வெறுங்கையோடு அவளே போனாள். நான் நம் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டேன்.

"விஜயா, எனக்கு ஒரு ஒத்தாச பண்ணணும். சாயந்திரத்துல நான் வேலைக்குப் போறேன். இவரு அடுப்பப் பத்தவச்சா வீடு எரிஞ்சிடும். எங்க வீட்டுக்குச் சாவி ஒன்னு அடிச்சுத் தர்றேன், நீ வச்சுக்க. பையன் வந்ததும் சோறாக்கிப் போடு. தேவியையும் கூட்டிட்டு வந்துடு, தனியா சாப்பிட அடம் புடிக்கிறான். நீயும் அங்கயே சாப்பிட்டுடு."

விஜயா கேட்டாள். "என்னா வேலைக்கா?"

உன் அம்மா அதை யோசித்துவைக்கவில்லை. "கோப்பிக்கடைல மங்கு கழுவுறது" என்றாள், வாய்க்கு வந்தது.

அப்படி ஒரு வேலையே இல்லை, குமரா. சொல்லியாகிவிட்டது, இனி வீட்டில் இருக்க முடியாது. சாயந்திரமானால் சேலையை மாற்றிக்கொண்டு படியிறங்கிப் போய் பஸ் நிற்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பாள். மழை பெய்தாலும் அங்கேதான். எதிரே ஒரு கோப்பிக்கடை. தினமும் வந்து உட்கார்ந்து பஸ் ஏறாமல் போகிற பெண்ணைப் பார்த்துப் பார்த்து, அந்தக் கடை முதலாளி, தவுக்கே, ஒரு நாள் கூப்பிட்டு வேலை வேண்டுமா என்று கேட்டார். கோப்பை, மங்கு கழுவுகிற வேலை. வீட்டுக்கு வந்து அப்படிச் சிரித்தாள். "நான் சொன்ன பொய்க்கு எனக்கே சம்பளம் குடுக்கிறாங்க" என்றாள். உடம்பு முடியாமல் போகும்வரை அந்த வேலையில் இருந்தாள். விஜயாவுக்குத் தையல் வேலை நன்றாக வரத் தொடங்கிய பிறகும் இரண்டு வீட்டுக்கும் உலை ஒன்றாகத்தான் கொதித்தது. ரசத்தில் உப்பு அதிகம் என்று நீ அழுதது எனக்கு நினைவிருக்கிறது.

உன் கல்யாண ஏற்பாட்டின்போது நீ ஒரு வார்த்தை சொன்னாய். "சாயந்திரத்துல அம்மா வீட்ல இருந்து நான் பாத்ததே இல்லப்பா. நம்ம கஷ்டம் அப்படி." அந்த வார்த்தை அன்றிலிருந்து காலில் குத்திய முள் மாதிரி கூடவே வருகிறது. நம் கஷ்டத்துக்காக அவள் போகவில்லை. இதை உன்னிடம் சொல்லலாமா என்று நேற்று விஜயாவிடம் கேட்டேன். "சொல்லுங்கண்ணே. அவனுக்குத் தெரியணும். உப்ப மட்டும் சொல்லாதீங்க" என்றாள். மன்னித்துக்கொள் விஜயா, எழுதியாயிற்று.

உன் அம்மா போகும்போது கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. போய்க் கேட்டாள். இந்த மாடியில் இத்தனை வருடம் இருந்து எனக்கு விளங்கிய ஒரே விஷயம் அதுதான். கொடுக்கிறது யாரும் கொடுத்துவிடலாம். இல்லாதவனிடம் போய், உன்னால் எனக்கு ஆகவேண்டியது ஒன்று இருக்கிறது என்று கேட்பதற்குத்தான் மனசு வேண்டும்.

இரு, யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

வந்துவிட்டேன். லெட்சுமிதான். நான் மூச்சு விடுகிறேனா என்று பார்க்க வந்தாளாம். எங்கே விட்டேன்?

உன் வீடு. தீபாவளிக்கு வந்திருந்தேனே. அழகான வீடு, குறை சொல்ல மாட்டேன். கார் நிறுத்துகிற இடத்தில் விளக்கு எரியவில்லை. கூரை உயரம், நாற்காலி போட்டாலும் எட்டவில்லை. பக்கத்து வீட்டுச் சுவரில் ஓர் அலுமினிய ஏணி சாய்ந்து நின்றது, கையை நீட்டினால் தொடலாம். கேட்டு வாங்குடா என்றேன். "வேணாம்பா, தொந்தரவு. ஆள் வரச் சொல்லி புக் பண்ணிக்கலாம்" என்றாய். அவர் பேர் என்ன என்று கேட்டேன். "தெரியலப்பா. மலாய் பாக்சிக் ஒருத்தரு. வெள்ளைக் காடி வச்சிருக்காரு" என்று வாசலில் நின்ற காரைக் காட்டினாய். நேற்று நீ போனைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தபோது பார்த்தேன். உன் முகம் இருட்டில் போய்விட்டது. அந்த விளக்கு இன்னும் எரியவில்லை. உன் கதவோ நம்பரை அமுக்கினால் திறக்கிற கதவு. யாரிடமும் கொடுத்துவைக்க அதற்குச் சாவிகூடக் கிடையாது.

என் கால் நிற்காமல் அலைவது இந்த மாடியை விட்டுப் போவதற்காக என்றுதான் நானே நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்றைக்குத்தான் தெரிந்தது, அது அந்த விளக்குக்காக. மேகலாவுக்கு வயிற்றில் ஏழு மாதம். நீ வேலை வேலை என்று பினாங்குக்கும் ஜோகூருக்கும் ஓடிக்கொண்டிருக்கிறாய். அவளுக்குத் துணையாக இருக்கத்தான் என்னைக் கூப்பிடுகிறாய், எனக்குத் தெரியும். ஆனால் அவள் ஒரு நாள் தலைசுற்றி விழுந்தால் நான் என்ன செய்வேன்? எனக்குக் காடி ஓட்டத் தெரியாது. அவளைத் தூக்க முதுகு ஒத்துழைக்காது. சுவருக்கு அந்தப் பக்கம் நின்று யார் பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன்? வெள்ளைக் காடி, வெள்ளைக் காடி என்றா? ஒரு மாடி ஜனம் செய்கிற வேலைக்கு ஒரு கிழவனை வேனில் ஏற்றிப்போகப் பார்க்கிறாய்.

மறுபடியும் கதவு. இரு.

இந்த முறை விஜயா. கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்து, உட்காராமல், "அந்த டின்ன என்கிட்ட குடுங்கண்ணே" என்றாள்.

"யாரும் வாங்கிக்க மாட்டேங்கிறாங்களே."

"அவங்க யாரும் வாங்க வேணாம். நான் வச்சுக்கிறேன். எல்லாரையும் கேட்டுட்டேன். லெட்சுமிக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம், டின் அவகிட்ட வரலன்னு."

நான் அவளைப் பார்த்தேன். கேட்காமல் இருந்திருக்கலாம், என் வாய் எப்போது சும்மா இருந்தது? "உன் சாவி ஒன்னுதான் இதுல இல்ல" என்றேன்.

"அத லெட்சுமிகிட்ட குடுத்துட்டுத்தான் வாரேன். தேவி தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரிக்கு டியூட்டிக்குப் போயிடறா. எனக்கும் சக்கர இருக்கு. உள்ள விழுந்து கெடந்தா யாரு தொறப்பா?" டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டாள். கதவு வரை போய்த் திரும்பினாள். "அக்கா குடுத்த உங்க சாவி இன்னும் என்கிட்டத்தான் இருக்கு. அத நான் திருப்பித் தரமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

போய்விட்டாள். அலமாரியில் டின் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன். ஆகவே சாவி விஷயம் முடிந்தது. இனி நான் வருவதும் வராததும் உன் கையில் இருக்கிறது.

சனிக்கிழமைக்கு முன்னால் நீ ஒரு காரியம் செய்ய வேண்டும். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டு. கையில் பலகாரம் ஒன்றும் கொண்டுபோகாதே. சலாம் சொல்லி, பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, "பாக்சிக், பிஞ்ஜாம் தங்கா" என்று அந்த ஏணியை இரவல் கேள். ஏறி விளக்கை மாட்டு. அவர் கீழே பிடித்துக்கொள்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லாதே, பிடிக்கட்டும். ஏணியை உடனே திருப்பிக் கொடுத்துவிடாதே. உன் பக்கத்துச் சுவரில் சாய்த்து வை. அவருக்கு வேண்டியபோது அவரே வந்து கேட்பார். வந்தால் மேகலாவைக் கோப்பி கலக்கச் சொல். அவர் சம்சாரமும் வந்தால் இன்னும் நல்லது.

விளக்கு எரிவதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. படம் வந்தால் பெட்டியைக் கட்டுகிறேன். அதுவரை என் கைலியும் துண்டும் இங்கே கொடியில்தான் காயும்.

அப்பா